பள்ளிக்கு வராத பிள்ளையும் பெற்றோருக்கு அபராதமும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் சொல்லி முடிக்காமலேயே நாம் கலைந்துவிட்டோம். ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்யும் தோழர் ஒருவர் எழுந்து, "இங்கிலாந்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாவிட்டால் பெற்றோருக்கு அபராதம் போடுகிறார்களாமே! இங்கேயும் அப்படிப் போட்டால் என்ன? அப்போதுதான் நம் ஜனங்களுக்குப் புத்தி வரும்" என்றார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். நடவு வேலைக்குப் போகும் ஒரு தாய், பின்வரிசையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "போடுங்க அண்ணே, வேண்டாங்கல. நான் நடவுக்குப் போறப்ப கைப்புள்ளைய யார்கிட்ட விடறதுன்னும் அந்த நோட்டீசுலயே எழுதிக் குடுத்துடுங்க."

கூட்டம் சிரித்தது. கேள்வி கேட்ட தோழரும் சிரித்தார். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் அந்தத் தோழர் பேசினார். அந்தத் தாயும் தன் மூத்த மகள் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இருவரும் நம்மவர்கள். ஆகவே இன்றைக்கு அந்த இங்கிலாந்துக்கே போய், அங்கே இந்த அபராதம் யார் தலையில் விழுகிறது, எப்போதிலிருந்து விழுகிறது என்று பார்ப்போம்.

இன்றைய சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். 1996-ம் வருஷத்துக் கல்விச் சட்டத்தின் 444-வது பிரிவின்படி, பள்ளியில் பெயர் பதிந்த பிள்ளை ஒழுங்காக வராவிட்டால் பெற்றோர் குற்றவாளி. கோர்ட்டுக்குப் போகாமலே அபராத நோட்டீஸ் அனுப்பும் முறை 2003-ம் வருஷச் சட்டத்தில் வந்தது. 2013 செப்டம்பர் வரை, விசேஷக் காரணம் இருந்தால் தலைமையாசிரியர் வருஷத்துக்குப் பத்து நாள் வரை குடும்ப விடுமுறைக்கு அனுமதி தர முடிந்தது. அதையும் எடுத்துவிட்டு, அசாதாரணமான காரணம் இருந்தாலொழிய லீவு கிடையாது என்றார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே கணக்கு. காலை ஒரு வேளை, பிற்பகல் ஒரு வேளை என்று எண்ணி, பத்து பள்ளி வாரங்களுக்குள் பத்து வேளை, அதாவது ஐந்து நாள், அனுமதியில்லாமல் வராமலிருந்தால் நோட்டீஸ் எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள். 21 நாளில் கட்டினால் 80 பவுண்டு, தாமதித்து 28 நாளுக்குள் கட்டினால் 160 பவுண்டு. மூன்று வருஷத்துக்குள் இரண்டாம் தரம் நோட்டீஸ் வந்தால் சலுகை இல்லாமல் 160. மூன்றாம் தரம் நோட்டீஸே கிடையாது. வழக்கு வரலாம். தெரிந்தே அனுப்பாதவர் என்று கோர்ட்டில் தீர்ப்பானால் 2,500 பவுண்டு வரை அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில். ஜெயில் என்பது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2002-ல் பான்பரி என்ற ஊரில் ஒரு தாயை உள்ளேயே தள்ளினார்கள்.

இந்த அபராதம் குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கும் இல்லை. தாய்க்குத் தனி, தகப்பனுக்குத் தனி. பிள்ளைக்குப் பிள்ளை தனி. இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு நான்கு நோட்டீஸ், ஆக 320 பவுண்டு. அங்கே 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 26 மணி நேர உழைப்பு அபராதமாகப் போகிறது.

யார் இதில் மாட்டுகிறார்கள்? 2023-24 பள்ளி ஆண்டில் மட்டும் 4 லட்சத்து 87 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோட்டீஸ்கள். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், பள்ளி நாளில் குடும்பத்தோடு வெளியூர் போனதற்காகப் போட்டவை. கேட்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். வெயில் காய ஊர் சுற்றப் போனவர்களுக்கு நாம் ஏன் பரிந்து பேச வேண்டும்? கொஞ்சம் பொறுங்கள். பள்ளிகளுக்கு லீவு விட்டதும் விமானக் கம்பெனியும் ஓட்டல்காரனும் விலையை ஏற்றிவிடுகிறார்கள். லீவு எப்போது என்பதை ஆலையிலும் கிடங்கிலும் ஷிப்டு பார்க்கிற தொழிலாளி தீர்மானிப்பதில்லை, நிர்வாகம் தீர்மானிக்கிறது. காசுள்ளவனுக்கு அந்த 80 பவுண்டு டிக்கெட் செலவில் ஓர் அயிட்டம். அபராதத்தைச் சேர்த்தாலும் லாபம்தான் என்று கணக்குப் பார்த்துப் போகிறவர்கள் உண்டு. காசில்லாதவனுக்கோ அது ஒரு வாரச் சாப்பாடு.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளை அங்கே தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். கொரோனாவுக்கு முன்னால், 2018-19-ல், அவர்கள் ஒன்பது பேருக்கு ஒருவர். 2023-24-ல் ஐந்து பேருக்கு ஒருவர். சர்க்கார் இலவச உணவு தரும் ஏழைப் பிள்ளைகளிடையே இது மற்றவர்களைப்போல் இரண்டு பங்குக்கு மேல். நோய்ப்பட்ட பிள்ளை, மனம் கலங்கிப் பள்ளி வாசலைக் கண்டாலே நடுங்கும் பிள்ளை, வீட்டில் ஊனமுற்ற தாயைக் கவனிக்கும் பிள்ளை, இவர்களெல்லாம் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் ஸ்பெயின் கடற்கரைக்குப் போகவில்லை. நோட்டீஸ்களோ பத்தில் ஒன்பது கடற்கரைக்குப் போனவர்கள் பேருக்குப் போகின்றன. காய்ச்சல் ஒருவனுக்கு, ஊசி இன்னொருவனுக்கு!

பிளாட் என்ற தகப்பனார் 2015 ஏப்ரலில் தம் மகளை ஏழு பள்ளி நாட்கள் அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். அபராதத்தைக் கட்ட மறுத்தார். மகள் நூற்றுக்குத் தொண்ணூறு நாளுக்கு மேல் பள்ளிக்கு வந்திருக்கிறாளே, இது ஒழுங்கான வருகை இல்லையா என்று வழக்காடி, கீழ்க் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டிலும் ஜெயித்தார். 2017 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அதைப் புரட்டிவிட்டது. 'ஒழுங்காக' என்றால் பள்ளி விதித்த விதிப்படி என்று பொருள் சொன்னது. அனுமதியில்லாத ஒரு நாளும் குற்றமே என்றாகிவிட்டது. இதே பிரிட்டனில் ஸ்காட்லாந்துப் பகுதியில் இந்த நோட்டீஸ் முறையே கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிச் சொல்வதால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் அனுப்பாததும் பெற்றோர் இஷ்டம் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். கட்டாயக் கல்வி முதலாளி போட்ட பிச்சை அல்ல. மில் தோழர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை பஞ்சாலையில்தான் தொடங்குகிறது. 1833-ல் வந்த பாக்டரி சட்டம், ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை ஜவுளி ஆலையில் வைக்கக் கூடாது, 13 வயது வரை உள்ளவர்களுக்கு தினம் இரண்டு மணி நேரம் பள்ளி வேண்டும் என்றது. மில் முதலாளி என்ன செய்தான்? பள்ளிச் சர்ட்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டான். அந்தச் சர்ட்டிபிகேட்டில் வாத்தியார் கையெழுத்துப் போடாமல் பெருக்கல் குறி போட்டிருந்தார். வாத்தியாருக்கே எழுதத் தெரியாது! பாக்டரி இன்ஸ்பெக்டர்களின் ரிப்போர்ட்டிலிருந்து இதை எடுத்து மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் எழுதியிருக்கிறார். 1844-ல் அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளி என்று மாற்றினார்கள். லங்காஷயரில் இந்த 'அரை நாள் பிள்ளைகள்' முறை 1918-ம் வருஷக் கல்விச் சட்டம் அதை ஒழிக்கும் வரை நீடித்தது. காலையில் ஆலையில் நூல் ஒட்டிய பிள்ளை மத்தியானம் பெஞ்சில் தூங்கிவிழும்.

கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1909-ல் இந்த வயதை உயர்த்தலாமா என்று லங்காஷயர் பஞ்சாலைச் சங்கங்கள் தம் அங்கத்தினரிடம் ஓட்டெடுத்தன. மிகப் பெரும்பான்மையோர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். தொழிலாளிகள்தான், சங்கத்தில் சந்தா கட்டியவர்கள்தான். பிள்ளை கொண்டுவரும் சில ஷில்லிங் இல்லாமல் அடுப்பு எரியாது என்ற நிலையில் அவர்களை வைத்திருந்தது யார் என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் அந்த ஓட்டு தவறான ஓட்டு. நம் ஊரில் 1953-ல் ராஜாஜி சர்க்கார், அரை நாள் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தபோது நம் முன்னோர்கள் ஊரூராக எதிர்த்தார்கள். 1954-ல் அது கைவிடப்பட்டது. முழு நாள் பள்ளி நமக்கு வேண்டும். ஆகவே அபராதம் கேட்ட தோழரின் ஆத்திரம் நியாயமானது என்பதில் சந்தேகமில்லை.

இனி கிராமத்துக்கு வருவோம்.

1870-ம் வருஷக் கல்விச் சட்டம் பெற்றோருக்கு அபராதம் போட வழி செய்தது. செலவு உட்பட ஐந்து ஷில்லிங் வரை. அந்தக் காலத்தில் தெற்கு ஜில்லாக்களில் பண்ணைக் கூலிக்கு வாரத்துக்கு 15 ஷில்லிங்கூடக் கிடைக்காது. பள்ளிக்குச் சம்பளமும் கட்ட வேண்டும். அது பெரும்பாலும் ரத்தானது 1891-ல்தான். அனுப்பினால் சம்பளம், அனுப்பாவிட்டால் அபராதம். ஆனால் 1876-ம் வருஷச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள்: விவசாய வேலைக்கும் அறுவடைக்கும் அவசியமானால், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஆறு வாரம் வரை பள்ளியிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று ஒரு பிரிவு! தாய்க்கு உடம்பு சரியில்லை என்று மகள் நின்றால் தகப்பன் கோர்ட்டில் நிற்க வேண்டும். பண்ணையாருக்குக் கதிர் அறுக்க ஆள் வேண்டுமென்றால் சட்டமே லீவு எழுதிக் கொடுக்கும். 1914-ல் யுத்தம் வந்து ஆட்கள் பட்டாளத்துக்குப் போனதும், ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வயலுக்கு விடுவித்தார்கள். அதற்காக ஒரு பண்ணையாருக்கும் நோட்டீஸ் போகவில்லை.

அதே 1914-ல் நார்போக் ஜில்லாவில் பர்ஸ்டன் என்ற சிறு கிராமத்தில் நடந்ததை நம் விவசாயத் தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும்.

அந்த ஊர்ப் பள்ளியில் கிட்டி ஹிக்டன் தலைமையாசிரியை. கணவர் டாம் ஹிக்டன் துணை ஆசிரியர். இருவரும் 1911-ல் அங்கே வந்தார்கள். முன்பு வேலை பார்த்த ஊரிலும், பள்ளி நேரத்தில் பையன்களைப் பண்ணை வேலைக்கு இழுக்கிறவர்களோடு மோதியவர்கள் இவர்கள். டாம் வெறும் வாத்தியாராக இருக்கவில்லை, பண்ணைக் கூலிகளைச் சங்கத்தில் சேர்த்தார். 1913-ல் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில் அவரும் கூலித் தொழிலாளிகளும் நின்று ஜெயித்தார்கள். ஊர்ப் பாதிரியார் ஈலண்ட் தோற்றார். அவர்தான் பள்ளி நிர்வாகக் கமிட்டிக்கும் தலைவர். அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

குற்றப்பத்திரிகை தயாரானது. மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் துணி காய அனுமதியில்லாமல் அடுப்பு மூட்டினார்களாம். நிர்வாகத்துக்கு மரியாதை காட்டவில்லையாம். இரண்டு அனாதைப் பிள்ளைகளை அடித்தார்கள் என்றும் ஒன்று சேர்த்தார்கள். அதை ஆசிரியர்கள் மறுத்தார்கள். இருவருக்கும் வேலை நீக்க உத்தரவு வந்தது.

1914 ஏப்ரல் முதல் தேதி காலை. பள்ளியில் இருந்த 72 பிள்ளைகளில் 66 பேர் உள்ளே போகவில்லை. வயலெட் பாட்டர் என்ற 13 வயதுச் சிறுமி முன்னே நடக்க, எங்கள் ஆசிரியர்கள் திரும்பி வர வேண்டும் என்று எழுதிய அட்டைகளோடு ஊர்வலம் போனார்கள். ஊர்ப் பொதுப் புல்வெளியில் வகுப்பு நடந்தது. ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார், ஒருவர் மேஜை. பிறகு தச்சுப் பட்டறை பள்ளிக்கூடமானது.

இப்போது சட்டத்துக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை வந்துவிட்டது! பள்ளிக்கு அனுப்பவில்லை என்று 18 பெற்றோருக்கு சம்மன். டிஸ் நகரக் கோர்ட்டில் ஆளுக்கு இரண்டரை ஷில்லிங் அபராதம். அறுவடைக்குப் பிள்ளைகள் நின்றபோது தூங்கிய சட்டம், சங்கத்து வாத்தியாரிடம் படிக்கப் போனபோது விழித்துக்கொண்டது. அபராதத் தொகையைக் கட்ட ஜனங்கள் வசூல் செய்தார்கள். மறுபடியும் சம்மன், அபராதம் இரட்டிப்பானது. மறுபடியும் வசூல். ஒரு குடும்பமும் தன் கைக்காசிலிருந்து இழக்க விடவில்லை. சட்டம் கேட்பது பிள்ளைக்குப் படிப்பு. தச்சுப் பட்டறையில் ரிஜிஸ்தர் வைத்து முறையாகப் பாடம் நடந்தது. ஆகவே சம்மன்கள் நின்றுபோயின. பாதிரியார் சும்மா இருக்கவில்லை. மாதா கோவில் நிலத்தைக் குத்தகைக்கு உழுத ஸ்டிரைக் குடும்பங்களை வெளியேற்றினார். கோவில் நிலத்தில் சாகுபடி செய்து வெளியேற்ற நோட்டீஸ் வாங்கிய தோழர்கள் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நாடு முழுவதிலிருந்தும் சங்கங்கள் பணம் அனுப்பின. சுரங்கத் தொழிலாளர் அனுப்பினார்கள், ரயில்வேத் தொழிலாளர் அனுப்பினார்கள். 1917-ல் சொந்தக் கட்டிடம் எழுந்தது. சங்கங்களின் பேர்களைச் சுவர்க் கற்களில் வெட்டினார்கள். 1939-ல் டாம் ஹிக்டன் இறக்கும் வரை, 25 வருஷம், அந்த ஸ்டிரைக் பள்ளி நடந்தது. பிரிட்டனில் இவ்வளவு நீண்ட ஸ்டிரைக் வேறில்லை. கட்டிடம் இன்றைக்கும் நிற்கிறது. வருஷந்தோறும் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை தொழிற்சங்கத்தார் கொடிகளோடு அங்கே ஊர்வலம் போகிறார்கள்.

பர்ஸ்டன் பெற்றோரைப் பாருங்கள். பாதிப் பேருக்குப் படிப்பு வாசனை இருந்திருக்காது. பிள்ளையை நல்ல ஆசிரியரிடம் படிக்க வைப்பதற்காகவே அவர்கள் கோர்ட் ஏறினார்கள். ஏழைக்குப் படிப்பின் அருமை தெரியாது, அபராதம் போட்டால்தான் உறைக்கும் என்ற பேச்சு நம் வாயில் வரலாமா? அது பண்ணையார் நம் மீது சுமத்திய பேச்சு.

பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்க இந்த மண்ணில் வேறொரு வழி கண்டார்கள். 1956-ல் காமராஜர் சர்க்கார் மதிய உணவு போட்டது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கியது. அவர்கள் கட்சி வேறு, நம் கட்சி வேறு. இதைப் பாராட்ட நமக்கு மனக்குறை இல்லை. ஒரு தகப்பனுக்கும் சம்மன் அனுப்பாமல், சோறு பிள்ளையை அழைத்து வந்தது. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரை பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, அபராதம் வைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளியைத் தேடித் தரும் பொறுப்பைச் சர்க்கார் மீது வைத்தது. ஆனால் 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போக 'குடும்பத் தொழிலில்' பிள்ளை உதவலாம் என்று ஒரு ஓட்டையைப் போட்டார்கள். பீடி சுற்றுவதும் தறி ஓட்டுவதும் வீட்டுக்குள்தானே நடக்கிறது! அந்த ஓட்டையில் எத்தனை பிள்ளைகள் விழுகிறார்கள் என்று நெசவுத் தோழர்கள் சொல்லட்டும்.

சோறு வந்த பிறகும் நிற்கிற பிள்ளைகள் உண்டு. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிற பிள்ளை, கரும்பு வெட்டுக்கு ஜில்லா விட்டு ஜில்லா போகிற பிள்ளை. முன்பணம் வாங்கிய தகப்பனைச் சூளைக்காரன் குடும்பத்தோடு வரச் சொல்கிறான். இங்கே தகப்பனுக்கு அபராதம் போட்டால் அதையும் அவன் சூளைக்காரனிடமே கடன் வாங்கித்தான் கட்டுவான். அடுத்த வருஷமும் பிள்ளை சூளையில்தான் இருக்கும்.

பின்வரிசைத் தாயின் கேள்விக்கு வருகிறோம். கைப்பிள்ளையை யார் பார்ப்பது? நடவுக்கு ஆள் இறங்குவது விடிந்ததும். அங்கன்வாடி திறப்பது அதற்கு அப்புறம். அந்த இடைவெளியில்தான் மூத்த மகளின் பள்ளி நாள் போகிறது. நடவு, களையெடுப்பு, அறுவடைக் காலங்களில் அங்கன்வாடியை விடிந்ததும் திறக்க வேண்டும், அதற்கு ஊழியரைக் கூட்டிக் கூடுதல் சம்பளம் தர வேண்டும் என்பது கோரிக்கையாக வேண்டும். அங்கன்வாடி ஊழியர்களை வதைத்து இதைக் கேட்கக் கூடாது, அவர்களும் தொழிலாளிகளே. சூளைகளுக்குப் பக்கத்தில் பள்ளி, வெளியூர் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே விடுதி, இவையும் அதோடு சேரும்.

கேள்வி கேட்ட மில் தோழருக்கு ஒரு வேலை இருக்கிறது. அவரும் அந்தத் தாயும் சேர்ந்து செய்தால் நல்லது. அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளை வீடுவீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எந்தப் பிள்ளை, என்ன வகுப்பு, எத்தனை நாளாக, எதனால் என்று நாலு பத்திகள் போடுங்கள். நாலாவது பத்தியில் 'பெற்றோர் அலட்சியம்' என்று எழுதுமுன் அந்த வீட்டுக்கு இன்னொரு தரம், ராத்திரி எல்லோரும் வேலை முடிந்து வந்த பிறகு, போய்ப் பேசிவிட்டு எழுதுங்கள். நோட்டுகள் வந்ததும் மனு தயாரித்து, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் பிள்ளைகளின் தாய்மார்களையே அழைத்துக்கொண்டு போகிறோம். தேதி அடுத்த கூட்டத்தில் முடிவாகும்.